கொடுத்த கையும் ஏந்திய கையும்

ஸ்ரீ:

மழை தவறாமல் பெய்து, களத்தில் நெல் குவிந்து, பத்தாயம் நிறைந்திருக்கும் காலத்தில் கொடுப்பது என்பது ஒரு வழக்கம். வாசலில் வந்து நின்றவனுக்குக் கை தானாகவே அள்ளிப் போடுகிறது. அதில் புண்ணியம் இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால், மழை பொய்த்து, வேலை குறைந்து, விலை ஏறி, நாளைக்கு வீட்டில் என்ன செய்வது என்று இல்லத்தரசி அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்க்கும் காலத்திலே கொடுப்பதுதான் தர்மத்தின் உரைகல். பொன்னை உரசிப் பார்க்காமல் மாற்று தெரியாது. மனிதனுடைய ஈகையைக் கஷ்ட காலத்தில் உரசிப் பார்க்காமல் அதன் மாற்றும் தெரியாது.

தைத்திரீய உபநிஷத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் சீடனுக்கு ஆசாரியன் உபதேசிக்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே கொடுக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது, சிரத்தையோடு கொடு என்று தொடங்கிய ஆசாரியன், வெட்கத்தோடு கொடு, அச்சத்தோடு கொடு என்றும் விதிக்கிறான். சிரத்தை விளங்குகிறது. வெட்கம் எதற்கு? வாங்குகிறவனன்றோ வெட்கப்பட வேண்டியவன் என்று உலகம் நினைக்கிறது. வேதாந்தமோ கொடுக்கிறவனைப் பார்த்து வெட்கப்படு என்கிறது. இந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் பெரும் பொருளை வாழ்ந்து காட்டிய மகான் ஒருவர் ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்திலே உண்டு. அவரே கூரத்தாழ்வான்.

கூரத்துத் திருமாளிகை

காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரிலே பெரும் செல்வக் குடியிலே அவதரித்தவர் ஆழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய திருநாமம். கூரத்துக்குத் தலைவராய் விளங்கிய அவருடைய திருமாளிகையில் விடியற்காலம் தொடங்கி இரவு வரையில் ததீயாராதனமும் அன்னதானமும் ஓயாமல் நடந்து வந்தன. பசியென்று வந்தவர் எவரும் அந்த வாசலில் திரும்பிப் போனதில்லை. இரவு வெகுநேரம் சென்று, இனி வருவார் இல்லை என்று கண்ட பின்பே திருமாளிகையின் பெரிய கதவுகள் சாத்தப்படும்.

ஒருநாள் இரவு அக்கதவுகள் சாத்தப்பட்ட ஓசை காஞ்சியிலே பேரருளாளன் ஸந்நிதிவரையில் கேட்டது என்றும், பெருந்தேவித் தாயார் அது என்ன ஓசை என்று வினவ, கூரத்தில் ஆழ்வானுடைய திருமாளிகைக் கதவு அடைக்கப்படும் ஓசை என்று பெருமாள் அருளினார் என்றும், அச்செய்தி திருக்கச்சி நம்பிகள் வாயிலாக ஆழ்வானுடைய செவிக்கு எட்டியது என்றும் குருபரம்பரை வரலாறுகள் கூறும்.

வேறொருவராக இருந்தால் இச்செய்தி கேட்டுப் பூரித்திருப்பார். தாயாரே தம் தர்மத்தைப் பற்றி வினவினாள் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பார். கல்லிலே பொறித்தும் வைத்திருப்பார். ஆழ்வானோ நடுங்கிப் போனார். தம்முடைய கொடை அவ்வளவு ஓசை செய்கிறதா என்று வெட்கினார். பெருமாளும் தாயாரும் ஏகாந்தமாய் எழுந்தருளியிருக்கும் வேளையிலே தம்முடைய செல்வத்தின் கதவு இடித்து முழங்கியதே என்று உருகினார். இதுதான் உபநிஷத் சொன்ன வெட்கம். கொடுப்பதில் குறைவில்லை, ஆனால், கொடுக்கிறோம் என்ற ஓசை இருக்கிறதே, அது குறை.

அன்றே தம் செல்வம் அனைத்தையும் வேண்டுவோர்க்கு வழங்கிவிட்டு, தம் தேவியாரான ஆண்டாளோடு திருவரங்கம் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். காட்டு வழியிலே இருட்டிய வேளையில் ஆண்டாள், வழியில் பயம் ஏதும் உண்டோ என்று கேட்டார். மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். அப்போதுதான் அந்த அம்மையார், தேவரீர் தீர்த்தம் அமுது செய்வதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்தேன் என்று விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரிலே எறிந்துவிட்டு, இனிப் பயமில்லை, வரலாம் என்றாராம். தமக்காக அந்த அம்மையார் ஒன்றும் எடுத்து வரவில்லை. கணவருக்காகவே எடுத்து வந்தார். அன்பினால் வைத்துக்கொண்டதுங்கூடக் கனமாகிவிடும் என்பது அந்தக் காட்டுவழி கற்பித்த பாடம்.

திருவரங்கத்து மழை

இனி வருவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. திருவரங்கத்தில் எம்பெருமானாருடைய திருவடிகளிலே ஒதுங்கிய ஆழ்வான், உஞ்சவிருத்தி எடுத்து ஜீவித்தார். நேற்றுவரை ஆயிரம் இலைகளுக்குப் பரிமாறிய கை இன்று வீடு வீடாகச் சென்று அரிசிக்கு ஏந்தியது. ஒரு வீட்டில் போடுவார்கள். ஒரு வீட்டில் நாளை வரும்படி சொல்லுவார்கள். கூரத்திலே, வந்தவனை எப்படி வரவேற்க வேண்டும் என்று அறிந்திருந்த ஆழ்வான், திருவரங்கத்து வீதியிலே, வந்தவனுடைய உள்ளம் எப்படியிருக்கும் என்பதையும் அறிந்தார். தானத்தின் இரு கரைகளையும் கண்டவர் அவர்.

ஒருநாள் விடாமழை. வெளியே செல்ல முடியவில்லை. வீட்டிலே ஒரு மணி அரிசியும் இல்லை. ஆழ்வான் கிரந்தங்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். அவருக்குப் பசி தோன்றவில்லை. ஆண்டாளுக்கோ கணவர் பட்டினியாயிருப்பது பொறுக்கவில்லை. இரவிலே பெரியபெருமாளுக்கு அரவணை அமுது செய்விக்கும் வாத்திய ஓசை காதில் விழுந்தது. உம்முடைய அடியார் இங்கே பட்டினி கிடக்க, நீர் அங்கே அமுது செய்தருளுகிறீரோ என்று அந்த அம்மையார் திருவுள்ளத்திலே ஒரு கணம் நினைத்தார். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, நினைத்ததோடு சரி.

சற்றைக்கெல்லாம் வாசலிலே ஆரவாரம். அரங்கனுடைய நியமனப்படி உத்தமநம்பி பிரஸாதத்தை மேளதாளங்களோடும் மரியாதைகளோடும் எடுத்து வந்து நிற்கிறார். ஆழ்வான் திடுக்கிட்டு, தேவியாரை நோக்கி, நீ ஏதும் நினைத்தாயோ என்று கேட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். பெருமாளை இப்படி வருந்தச் செய்யலாமோ என்று கடிந்துகொண்ட ஆழ்வான், வந்த பிரஸாதத்தில் இரண்டு திரளை மட்டும் ஏற்று, தாம் சிறிது ஸ்வீகரித்து, மிகுதியைத் தேவியாருக்குக் கொடுத்தார். அந்தப் பிரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் பிறந்தார்கள் என்பது பூர்வர்களின் நிர்வாகம். விஷ்ணு ஸஹஸ்ரநாமத்துக்குப் பகவத் குண தர்ப்பணம் என்னும் பாஷ்யம் அருளிச்செய்த பராசர பட்டரை உலகம் அடைந்தது ஒரு மழை நாள் பட்டினியினாலே என்றால், பட்டினியறிந்து அனுப்பப்பட்ட ஒரு கவளம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எவர் அளக்க முடியும்?

அன்பர்கள் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. ஆண்டாள் கேட்கவில்லை. அரங்கன் கேட்பதற்காகக் காத்திருக்கவுமில்லை. கேட்ட பிறகு கொடுப்பது மனித தர்மம். கேளாமலே அறிந்து கொடுப்பது பகவத் தர்மம். கஷ்ட காலத்திலே மிகவும் வாடுகிறவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள் அல்லர், கேட்க நாவெழாதவர்களே. வந்த பிரஸாதமோ ஏழைக்கு இட்ட பிச்சையாக வரவில்லை. மேளத்தோடும் மரியாதையோடும் வந்தது. பசித்தவனுக்கு உணவு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை அரங்கனே காட்டிக் கொடுத்தான்.

பாதி பொன்னான கீரி

பஞ்ச காலத்துக் கொடைக்கு மஹாபாரதம் ஒரு பெரிய ஸாக்ஷி வைத்திருக்கிறது. யுதிஷ்டிரர் அசுவமேத யாகத்தை முடித்து, அள்ளி அள்ளி வழங்கி, உலகம் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், உடலில் பாதி பொன்னான ஒரு கீரி அங்கே வந்தது. இந்த யாகம் குருக்ஷேத்திரத்து ஏழை ஒருவன் கொடுத்த ஒரு படி மாவுக்கு ஈடாகாது என்று அது சபையிலே சொன்னது. எல்லோரும் திகைத்து, அந்த வரலாற்றைக் கேட்டார்கள்.

வயலில் சிதறிய தானியங்களைப் பொறுக்கி ஜீவித்த ஓர் அந்தணன், அவன் மனைவி, மகன், மருமகள் என நால்வர். கொடிய பஞ்சம். பல நாள் பட்டினிக்குப் பிறகு சிறிது வாற்கோதுமை கிடைத்தது. அதை மாவாக்கி நான்கு பங்கு வைத்து உண்ண அமர்ந்தபோது ஓர் அதிதி வந்தான். அந்தணன் தன் பங்கைக் கொடுத்தான். அதிதிக்குப் பசி தீரவில்லை. மனைவி தன் பங்கைக் கொடுக்க முன்வந்தாள். எலும்பும் தோலுமாயிருந்த அவளிடமிருந்து வாங்க அந்தணனுக்குக் கை வரவில்லை. தர்மத்தில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லி அவள் கொடுத்தாள். பிறகு மகன், பிறகு மருமகள். வந்தவன் தர்ம தேவதையே என்று பின்னர் தெரிந்தது. அங்கே சிந்திக் கிடந்த மாவில் புரண்ட கீரியின் தலையும் உடலில் பாதியும் பொன்னாயின. மற்றப் பாதியும் பொன்னாகுமோ என்று யாகம் யாகமாகப் புரண்டு பார்க்கிறேன், ஆகவில்லை என்றது கீரி.

இவ்வரலாறு பணக்காரனுடைய கொடையைப் பழிப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. எவ்வளவு கொடுத்தான் என்று தர்மம் கணக்குப் பார்ப்பதில்லை; கொடுத்த பிறகு அவனிடம் எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கிறது. மேலும், அந்தக் குடும்பத்தில் ஒருவர் கொடையை மற்றவர் தடுக்கவில்லை. இன்றைய இல்லங்களில் கணவன் கொடுக்க நினைத்தால் மனைவி தடுப்பதும், மனைவி நினைத்தால் மகன் தடுப்பதும் காணப்படுகின்றன. பஞ்சத்திலே ஒரு குடும்பம் ஒருமனப்பட்டுக் கொடுத்ததே அங்கே நடந்த யாகம்.

எவருக்குக் கொடுப்பது?

தேசம், காலம், பாத்திரம் அறிந்து, கைம்மாறு கருதாமல் கொடுக்கப்படுவதே ஸாத்விக தானம் என்று கீதையின் பதினேழாவது அத்தியாயத்தில் கண்ணன் அருளிச்செய்கிறான். பாத்திரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவன் நல்லவனா, நம்மவனா, உண்மையில் ஏழைதானா என்று ஆராய்ந்துகொண்டே கொடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. நிலமும் பொன்னும் கொடுக்கும்போது ஆராய்ச்சி வேண்டியதுதான். அன்னத்துக்கும் தண்ணீருக்கும் பசியும் தாகமுமே பாத்திரம். இதற்கு ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாவது ஸ்கந்தத்தில் வரும் ரந்திதேவன் சரித்திரமே பிரமாணம்.

குடும்பத்தோடு நாற்பத்தெட்டு நாள் நீரும் இன்றிக் கிடந்த அம்மன்னனுக்கு ஒருநாள் காலையில் நெய்யும் பாயஸமும் தண்ணீரும் கிடைத்தன. உண்ண அமர்ந்த வேளையில் அந்தணர் ஒருவர் வந்தார், பங்கிட்டுக் கொடுத்தான். அடுத்து நான்காம் வருணத்தான் ஒருவன் வந்தான்; அவனுக்கும் கொடுத்தான். அடுத்து நாய்கள் சூழ ஒருவன் வந்தான். அவனுக்கும் அவனுடைய நாய்களுக்கும் எஞ்சியதைக் கொடுத்து வணங்கினான். ஒருவர் தாகத்துக்கு மட்டுமே போதுமான தண்ணீர் மிஞ்சியது. அதையும் பருக வாயருகே கொண்டுபோன வேளையில், உலகம் தாழ்ந்த குலத்தவன் என்று ஒதுக்கிய ஒருவன் தண்ணீர் கேட்டு நின்றான். அதையும் கொடுத்துவிட்ட ரந்திதேவன், தனக்கு அஷ்ட ஸித்தியும் வேண்டாம், மோக்ஷமும் வேண்டாம், எல்லா உயிர்களுக்குள்ளும் தான் இருந்து அவற்றின் துயரத்தைத் தானே அனுபவித்து அவற்றைத் துயரற்றவையாகச் செய்தால் போதும் என்று பிரார்த்தித்தான். வந்தவர் அனைவரும் தேவர்களே என்பது பின்னர் வெளியாயிற்று.

எல்லா உயிர்களுக்கும் அந்தர்யாமியாய் எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறான் என்பது விசிஷ்டாத்வைதத்தின் அடிப்படை. ஸகல ஜீவர்களும் அவனுக்குச் சரீரம். மூலவருக்குத் தளிகை கண்டருளப்பண்ணிவிட்டு, அவனுடைய சரீரத்தின் ஒரு பகுதியைப் பட்டினி போடுவது எப்படிப் பொருந்தும்? கையிலுள்ள செல்வமும் அவனுடையதே. கொடுக்கிறவன் அவனுடைய பண்டாரத்திலிருந்து அவனுடைய பிள்ளைகளுக்கு அளந்து போடும் கணக்கனே. கணக்கன் கர்வப்படுவதற்கு என்ன இருக்கிறது? சுருங்க அளந்தால் மட்டும் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உபநிஷத் அச்சத்தோடு கொடு என்றதன் கருத்து இதுவே.

எங்கிருந்து கொடுப்பது?

திருமங்கையாழ்வாருடைய சரித்திரம் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. குமுதவல்லி நாச்சியார் விதித்த நியமத்தின்படி நாள்தோறும் 1008 வைஷ்ணவர்களுக்கு ஓராண்டு அமுது படைக்க முற்பட்ட அவர், கைப்பொருள் தீர்ந்தபோது அரசனுக்குச் செலுத்த வேண்டிய பகுதியையும் அதற்கே செலவிட்டார். அதுவும் தீர, வழிப்பறியில் இறங்கினார். நோக்கம் உயர்ந்ததாயினும் வழி பிழையானதே. எம்பெருமானே மணவாளக் கோலத்திலே வழியில் வந்து அகப்பட்டு, அவர் செவியிலே திருவெட்டெழுத்தை ஓதி, அவரை ஆட்கொண்டான். பிறர் பொருளைக் கவர்ந்து செய்யும் தர்மத்தை அங்கீகரிப்பதற்காக அவன் வரவில்லை. அத்தர்மத்தைச் செய்தவரைத் திருத்தி ஆட்கொள்வதற்காகவே வந்தான். வேடுபறி உத்ஸவத்தைக் கண்டு களிப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்திலே அரிசியைப் பதுக்கி, இரட்டை விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தில் ஒரு சிறு பங்கைக் கோயில் உண்டியலில் இடுகிறவன் திருமங்கைமன்னனுடைய முதற்பாதியை மட்டும் கற்றவன். நியாயமான விலைக்கு விற்பதும், வேலை செய்தவனுக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் கஷ்ட காலத்தில் செய்யத்தக்க முதல் தானங்கள்.

கல்லிலும் சரித்திரத்திலும்

முற்காலத்துத் திருக்கோயில்கள் இத்தர்மத்தை அமைப்பாகவே ஏற்படுத்தியிருந்தன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் எழுந்தருளியுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து வேதபாடசாலையும், மாணவர் தங்கி உண்ண விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையும் நடந்து வந்ததை அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் ஜீவிதம் வகுக்கப்பட்டிருந்தது. பெருமாளுடைய நித்தியப்படியும் நோயாளியின் படியும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது கண்கொள்ளாக் காட்சி.

இதற்கு நேர்மாறான காட்சியும் சரித்திரத்தில் உண்டு. 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்து, தென்னாட்டை 1878 வரையில் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திலே ஐம்பது லக்ஷத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். உணவில்லாத நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் மேலிடத்திலிருந்து அளவு வகுத்தனர். அது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கார்னிஷ் வாதாடினார். எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் உயிர் நிற்கும் என்று கணக்கிட்ட கொடை அது. அதே பஞ்சத்திலே, மாயூரத்தில் முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அவர் கிறிஸ்தவர். சைவச் செல்வரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கண்டு உருகி அவர்மீது கீர்த்தனம் பாடினார். பஞ்சத்திலே கஞ்சிக் கலயத்துக்கு மதம் கிடையாது.

அண்மைக் காலத்திலும் இத்தர்மம் அற்றுப்போகவில்லை. திருமலையில் 1985ஆம் ஆண்டு நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் ஏற்பட்டது. 2012ஆம் ஆண்டு முதல் திருவரங்கத்தில் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் கோயில்கள் பல மாதங்கள் அடைபட்டிருந்தன. பக்தர்கள் பெருமாளைக் காண வர இயலாத அந்நாட்களிலே, அடுப்பு அணையாத மடைப்பள்ளிகள் பசித்தவர்களைத் தேடிச் சென்றன. 2021 மே மாதத்தில் தமிழகக் கோயில்களில் சமைத்த உணவு, அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு காத்துக் கிடந்தவர்களுக்குப் பொட்டலங்களாகப் போய்ச் சேர்ந்தது. உத்ஸவர் வீதிக்கு எழுந்தருளாத காலத்தில் அவனுடைய அன்னம் வீதிக்கு எழுந்தருளியது.

தென்னை சாய்ந்த இரவு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் கரையைக் கடந்து, காவிரிக் கழிமுகத்தைச் சூறையாடியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. திருவிழாவுக்கு முதல் வண்டி தேங்காய் அனுப்பியவர்கள், அறுவடை முடிந்தவுடன் கோயிலுக்கு நெல் அளந்தவர்கள், பத்துப் பேருக்குச் சோறு போட்டுப் பழகியவர்கள், அந்த வாரத்தில் நிவாரண வண்டிகளுக்கு முன்னே நிற்க நேர்ந்தது. ஒரு போர்வைக்கும் ஒரு வேளை உணவுக்கும் கை நீட்டும்போது அவர்கள் தலை நிமிரவில்லை. உணவு வந்தது. அதைக் கொடுக்கிற காட்சியைப் படம் பிடிக்கவும் சிலர் வந்தனர். பசியைத் தாங்கிய நெஞ்சு அந்தப் படத்தைத் தாங்கியிருக்குமா?

கூரத்துச் செல்வர் திருவரங்கத்துப் பிக்ஷுவானார். அவர் விரும்பி ஏற்றது அது. கழிமுகத்து மிராசுதார்களும் குடியானவர்களும் விரும்பாமலே அந்நிலையை அடைந்தார்கள். இன்று கொடுக்கிற கை நாளை ஏந்தும். இதை உணர்ந்தவன் தன் கையைத் தாழ்த்தியே கொடுப்பான். வாங்குகிறவனுடைய முகத்தை அவன் உற்றுப் பார்க்கமாட்டான். பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதமாட்டான். மறுநாள் கடைவீதியில் அதை நினைவூட்டமாட்டான்.

செய்யத்தக்கது

கஷ்ட காலத்தில் பெரிய தர்மம் செய்ய இயலவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. நாள்தோறும் உலை வைக்கும் முன்பு ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு கலயத்தில் இடும் பிடியரிசி வழக்கம் இந்நாட்டு இல்லங்களில் இருந்து வந்தது. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்றால், ஓர் இல்லத்தில் ஆண்டுக்குப் பதினெட்டுக் கிலோவுக்குக் குறையாது. 100 இல்லங்கள் உள்ள ஓர் அக்கிரகாரமோ தெருவோ இதைச் செய்தால் 1800 கிலோ சேரும். அந்த ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் எவரும் பசியோடு எழுந்திருக்கப் போவதில்லை. அந்த அரிசி இல்லாமையினால் பசியோடு படுக்கிறவர்கள் மட்டும் அதே தெருவிலேயே இருக்கக்கூடும்.

வேலை இழந்த குடும்பத்தின் மளிகைக் கடைப் பாக்கியைச் சொல்லாமல் தீர்க்கலாம். பள்ளிச் சம்பளம் கட்ட முடியாத பிள்ளைக்கு அலுவலகத்தில் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் திரும்பலாம். பூத்தொடுப்பவர், நாதஸ்வரக்காரர், மடைப்பள்ளிப் பரிசாரகர், திருத்தேர் தச்சர், பந்தல் கட்டுபவர் முதலியோர் உத்ஸவத்தை நம்பி வாழ்கிறவர்கள்; உத்ஸவம் சுருங்கிய ஆண்டிலும் அவர்களுடைய ஸம்பாவனை சுருங்காமல் பார்த்துக்கொள்ளலாம். இவை எல்லாம் ஓசை இல்லாத கதவுகள்.

பஞ்ச காலத்திலே பெருமாளுக்குத் திருவிழா எதற்கு, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே, புறந்தள்ளத்தக்கதன்று. வாணவேடிக்கையையும் வீண் ஆடம்பரத்தையும் குறைத்தால் பெருமாளுக்கு ஒரு குறையும் வாராது. ஆனால், தளிகை என்பது வேறு. அவன் கடாக்ஷித்தவுடன் அது முழுதும் கோஷ்டிக்கே திரும்பி வருகிறது. உத்ஸவத்தின் பத்து நாளும் வீதியில் ஒருவரும் பசியோடு திரும்பவில்லையென்றால் அந்த உத்ஸவமே தானமாகிறது. வீட்டில் அடுப்பு மூட்டாதவன், பிக்ஷை என்ற பெயர் இல்லாமல், தலை நிமிர்ந்து, பிரஸாதம் என்ற மரியாதையோடு உண்ணக்கூடிய ஓரிடம் திருக்கோயில். அந்த இடத்தைக் கஷ்ட காலத்தில் சுருக்குவது தகாது. அப்போதுதான் பெருக்க வேண்டும்.

கடைசிக் கொடை

ஆழ்வானுடைய கொடை அரிசியோடும் பொன்னோடும் நிற்கவில்லை. சோழன் சபையிலே எம்பெருமானாருக்குப் பதிலாகத் தாம் சென்று, நாலூரான் சொல்லினால் நேர்ந்த விபரீதத்திலே ஆழ்வான் கண்களை இழந்தார். பிற்காலத்தில் எம்பெருமானார் நியமனத்தின்படி காஞ்சியிலே பேரருளாளனை ஸ்தோத்திரம் செய்தபோது, வேண்டிய வரம் கேள் என்று பெருமாள் திருவாய்மலர்ந்தருளினார். கண்களைக் கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஆழ்வான், அடியேன் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

எந்தக் காஞ்சியிலே அவருடைய செல்வக் கதவின் ஓசை கேட்டதோ, அதே காஞ்சியிலே, கையில் ஒன்றும் இல்லாமல், கண்ணும் இல்லாமல் நின்றபோது அவர் செய்த கொடை இது. செல்வம் இருந்தபோது பசித்தவர்களுக்குக் கொடுத்தார். செல்வம் போன பின்பு தமக்குத் தீங்கிழைத்தவனுக்கு மோக்ஷத்தையே வாங்கிக் கொடுத்தார். ஆகவே, கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க காலம் எவருக்கும் எக்காலத்திலும் இல்லை. ஒரு பிடி அரிசி இல்லாதவனிடம் ஓர் இன்சொல் இருக்கும். அதுவும் வறண்டவனிடம், பகைவனுக்காகச் செய்யும் ஒரு பிரார்த்தனை இருக்கும்.

பிரஹ்மோத்ஸவ காலத்திலே வீதியில் எழுந்தருளும் எம்பெருமானைக் கைகூப்பி ஸேவிக்கும் அன்பர்கள், அவன் கடந்து செல்லும் ஒவ்வொரு வாசலையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்களாக. எந்த வீட்டு வாசலில் கோலம் சிறுத்திருக்கிறது, எந்த வீட்டிலிருந்து இவ்வாண்டு தட்டு வரவில்லை என்று கவனிப்பார்களாக. மறுநாள் விடியுமுன், ஓசைப்படாமல், அந்த வாசலுக்கு ஒரு கை அரிசி போய்ச் சேருமாக.

மழை தவறாது பெய்க. களஞ்சியங்கள் நிறைக. பசியென்னும் சொல் ஒழிக. கொடுக்கும் கையும் ஏற்கும் கையும் ஒருங்கே எம்பெருமான் திருவடிகளில் கூப்பி நிற்க.

சுபமஸ்து.